நான் தேய்த்துப் பார்க்காத ஜரிகை

கையெழுத்துப் போடுவதில் எனக்கு அப்போது ஒரு திமிர் இருந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் செக்கராக இருந்தேன். வயது இருபத்தெட்டு. மாகறல் பக்கம் ஏர் பிடித்த குடும்பத்தில் முதலில் பேனா பிடித்தவன் நான்தான் என்பதால், பெயரின் கடைசி எழுத்தை ஒரு சுழி சுழித்து, அடியில் இரண்டு கோடு இழுக்காமல் விடமாட்டேன். அந்த இரண்டு கோட்டை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

செக்கருக்கு இரண்டு வேலை. நெய்து வந்த சேலையைப் பிரித்துக் கோளாறு பார்ப்பது ஒன்று. வெளியூரிலிருந்து பெட்டியில் வரும் ஜரிகையை நெசவாளர் கையில் கொடுக்கும் முன் சோதிப்பது இன்னொன்று. ஜரிகை சுற்றிய கட்டையிலிருந்து கொஞ்சம் இழுத்து உரைகல்லில் தேய்த்து, அந்தக் கோட்டின் மேல் ஒரு சொட்டு அமிலம் வைக்க வேண்டும். தாமிரம் மிகுந்த போலி என்றால் பச்சை காட்டிவிடும். நல்ல சரக்கென்றால் காட்டாது. அரை நிமிஷ வேலை. பார்த்ததற்கு அத்தாட்சியாக ரிஜிஸ்டரில் என் கையெழுத்து. நெசவாளர் ஜரிகையை வெளியில் வாங்கக் கூடாது. சங்கம் கொடுப்பதை வைத்துத்தான் நெய்ய வேண்டும். சேலையோடு மீதியையும் திருப்பித் தர வேண்டும்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடி மாதம் முழுக்க ஜரிகை கொடுக்க மாட்டோம். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை, புதுப் பெட்டியை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி, அதிலிருந்து கட்டைகளை எடுத்து நெசவாளர் கையில் கொடுப்போம். அவர்கள் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்வார்கள். சாமிக்கு வைத்த ஜரிகையில் அதற்கப்புறம் யாரும் அமிலம் விட மாட்டார்கள். அது எங்கும் எழுதாத சட்டம். அதனால் தேய்த்துப் பார்ப்பதைப் பூஜைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

நான் சொல்லும் வருஷம், அறுபதுகளின் கடைசி, அந்த வெள்ளிக்கிழமை லாரி வந்து சேரும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. பத்தரைக்கு ராகு காலம். நெசவாளர்கள் தலைக்குக் குளித்து, விபூதியும் நாமமுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் உரைகல்லைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தேன். சங்கத் தலைவர் கையில் கற்பூரத் தட்டோடு நின்றார்.

"இன்னாப்பா, நேரம் போய்க்கினு இருக்குது. இத்தினி வருஷமா வாங்குற சரக்குதான. வை குங்குமத்த. மத்தியானமா தேச்சிக்கலாம்."

வைத்தேன். கற்பூரம் காட்டினார். நாற்பது பேர் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டு போனார்கள். மத்தியானம் எங்கே தேய்ப்பது? பெட்டியில் மீதி இருந்த இரண்டு கட்டையிலும் குங்குமம் அப்பியிருந்தது. அமில பாட்டிலைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். ரிஜிஸ்டரைத் திறந்து 'சோதித்தேன், சரி' என்று எழுதி, சுழித்து, கோடு இழுத்தேன். தலைவர் அவசரப்படுத்தினார் என்பது உண்மை. என் கையைப் பிடித்து யாரும் எழுத வைக்கவில்லை என்பதும் உண்மை.

கார்த்திகை பிறந்த இரண்டாம் நாள், வாலாஜாபாத்திலிருந்து ஒரு ரைஸ்மில் முதலாளி சங்கத்துக்கு வந்தார். மகளின் முகூர்த்தச் சேலை. ஐப்பசி மழையில் நனைந்து, மடித்து வைத்து, எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கரை முழுக்கக் கறுத்து, மடிப்புகளில் பச்சை பூத்திருந்தது. அதை அப்படியே மேஜை மேல் விரித்துப் போட்டார். அவர் கத்தவில்லை. "பொண்ணு அழுதுக்கினே இருக்குது. சம்பந்தி ஊட்ல போலி சேலை கட்டிக்கினு வந்தான்னு பேசறாங்க. இதுக்கு எனக்குப் பதில் வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தலைவர் அடுத்து நகராட்சித் தேர்தலில் நிற்பதாக இருந்தார். ரைஸ்மில்காரரின் தயவு அவருக்கு அப்போது மிகவும் தேவைப்பட்டது.

சேலையின் ஓரத்துச் சீட்டில் தறி நம்பர் இருந்தது. அந்தத் தறிக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். ஐம்பதை ஒட்டிய வயது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக நெய்யும் கோர்வைச் சேலையில் அவர் வேலைக்கு நான் ஒரு நாளும் கோளாறு எழுதியதில்லை. கோர்வைக்கு ஒரு தறியில் இரண்டு பேர் வேண்டும். இவரும் இவர் தம்பியும் பதினைந்து வருஷமாக ஒரே தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்தார்கள். ஜரிகையைச் சுற்றி வைப்பதும் கரை நூல் ஓடும் நாடாவை வீசுவதும் தம்பியின் பொறுப்பு. தாய் தகப்பன் இல்லாமல் அண்ணன் தூக்கி வளர்த்த தம்பி.

ஊரில் அப்போது சிலர் சங்கத்து நல்ல ஜரிகையை வெளியில் விற்றுவிட்டுப் போலியை வைத்து நெய்வது உண்டு. ஆகவே யாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை. சங்கம் சோதித்துக் கொடுத்த ஜரிகை நல்லது. சேலையில் இருப்பது போலி. அப்படியென்றால் தறியில்தான் மாற்றியிருக்கிறார்கள். அடுத்த வாரக் கடைசியில் கமிட்டி கூடி விசாரிக்கும், குற்றம் என்றால் பெயரை நீக்கிவிடும். ஒரு சங்கம் நீக்கிய ஆளுக்கு வேறு எந்தச் சங்கமும் பட்டுக் கொடுக்காது. ஜரிகைத் திருடன் என்று தெருவே சொல்லும். அந்த மனுஷன் பிழைப்பதும் சாவதும் ரிஜிஸ்டரில் நான் போட்ட கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

மறுநாள், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அந்த ஆவணிப் பெட்டிக்கு மற்ற நெசவாளர்கள் திருப்பிக் கொடுத்த மீதி ஜரிகையைத் தகர டப்பாவிலிருந்து எடுத்தேன். வேறு வேறு வீட்டு மீதி, மூன்று. உரைகல்லில் தேய்த்து, சொட்டு வைத்தேன். முதலாவது பச்சை. இரண்டாவது பச்சை. மூன்றாவதையும் தேய்த்தேன். அதுவும் பச்சை. பெட்டியே போலி.

அந்த மூன்றையும் காகிதத்தில் மடித்துத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ரோஷமாவது வந்திருக்கும்.

"இத யார்கிட்டனா சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லாத. நாப்பது தறிக்குப் போன சரக்கு இது. வெளிய தெரிஞ்சா நம்ம சேலைய எவன் தொடுவான்? இன்னிக்கு ஒருத்தன் பேர் கெடுது. நீ வாயத் தொறந்தா அத்தினி குடும்பமும் நடுத்தெருவுல நிக்கும். அவன ஆறு மாசம் வெளிய வச்சிட்டு, மன்னிச்சிட்டோம்னு சேத்துக்கலாம். நான் சேத்துக்கறேன், என் பொறுப்பு."

"அவரு பண்ணாதத பண்ணாருன்னு எப்படிங்க..."

"ரிஜிஸ்டர்ல யார் கையெழுத்து இருக்குது?"

"என்னுது. ஆனா நீங்கதான அன்னிக்கு மத்தியானம் தேச்சிக்கலாம்னு..."

"மத்தியானம் தேச்சிக்கன்னு சொன்னேன். தேய்க்காம எழுதுன்னு சொன்னேனா? எங்கனா எழுதி இருக்குதா?" அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்கப்பாவுக்காகத்தான் உன்ன இங்க வச்சேன். ஊட்ல வேற எட்டாம் மாசம். யோசிச்சு நடந்துக்கப்பா" என்றார்.

அவர் சொன்னதில் பாதி நியாயமாகவே பட்டது எனக்கு. அதுதான் கொடுமை. நாற்பது தறி நின்றுபோகும் என்பது பொய்யில்லை. ஒருவருக்கு ஆறு மாசம் அவமானம், நாற்பது பேருக்கு அடுப்பு எரியும் என்று நடந்துகொண்டே என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். என் வேலை தப்பும் என்பதைக் கணக்கில் சேர்க்காத மாதிரி பாவனை வேறு. வீட்டில் என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். "தலைவர் பாத்துக்கறேன்னு சொன்னாருன்னா பாத்துப்பாரு. நீங்க போய் தலைய குடுக்காதீங்க" என்றாள். எனக்கு அது வேண்டியிருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன் என்றுகூட ஞாபகம்.

ரைஸ்மில்காரர் வந்துபோன ஐந்தாம் நாள் காலையில், நான் சங்கத்துக்குக் கிளம்பும் நேரத்தில், அந்தத் தறிக்காரர் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். இரண்டு நாள் தாடி. சேலை போலி என்று சங்கத்தில் காட்டினார்களாம், கையில் வாங்கிப் பார்த்தாராம்.

"போலிதான் சார். நானே பாத்துட்டேன். அத இல்லன்னு சொல்ல மாட்டேன். தறியில ஓட்டும்போதே கை சொல்லுச்சு, இது கொஞ்சம் மொரடா இருக்குதேன்னு. ஆனா சாமிகிட்ட வச்சு குடுத்தது, நீங்க பாத்து கையெழுத்து போட்டது. என் கைக்குத்தான் வயசாச்சின்னு நெனச்சிக்கினேன்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன் சார். கோச்சிக்காதீங்க. அந்தப் பெட்டிய நீங்க தேச்சுப் பாத்தீங்களா? மெய்யாலுமே?"

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்தான் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சந்தேகமே இல்லை. நான் என்ன சொன்னாலும் நம்பத் தயாராக வந்திருந்தார். உள்ளே அடுப்பங்கரையில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது.

"பாத்தேன்" என்றேன்.

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "அப்படின்னா ஊட்டுக்குள்ளதான்" என்றார், என்னிடம் அல்ல. "ஜரிகை என் கைக்கு நேரா வர்றதில்ல. அவன்தான் சுத்தி வைக்கிறான்." அதற்குமேல் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் யாரைச் சொன்னார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். பத்தடி தூரம்தான். நான் சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, சேலை பார்க்கும் சாக்கில் அவர் தெரு வழியாகப் போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அவர் வீட்டில் மட்டும் இல்லை. வாசலில் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாள் தானாகவே சொன்னாள்: "அண்ணன் தம்பிக்குள்ள இன்னாமோ பேச்சு வந்துடுச்சுபா. சின்னவரு ரெண்டு நாளா தறியில உக்காரல. ஊட்ல சாப்புடறதுகூட இல்லியாம்." ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்தால் கோர்வை நெய்ய முடியாது. வாசல் வழியாக எட்டிப் பார்த்தேன். பெரியவர் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி சும்மா உட்கார்ந்திருந்தார். நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன். அன்றைக்குத் தலைவரிடம் போய், "விஷயம் அவங்க வீட்டுக்குள்ள போயிடுச்சுங்க, சொல்லிடலாம்" என்றேன். "இன்னும் நாலு நாள். அடக்கிக்கினு இரு" என்றார். அடக்கிக்கொண்டு இருந்தேன். என்ன மனுஷன் நான்.

கமிட்டி கூடும் நாள் காலையில் என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அன்னிக்கு அவரு வந்து கேட்டப்ப நான் உள்ளதான் இருந்தேன்."

"தெரியும்."

"நீங்க வேற இன்னானா சொல்லுவீங்கன்னு நெனச்சேன். வேல போனா போவுதுன்னு அந்த நிமிஷத்துல தோணிச்சு எனக்கு. நீங்க பாத்தேன்னு சொல்லிட்டீங்க." அவ்வளவுதான் சொன்னாள். காப்பி ஆறிப்போனது.

சங்கத்தின் நீள அறையில் கமிட்டி ஆட்கள் ஏழு பேர் பெஞ்சில் இருந்தார்கள். ரைஸ்மில்காரர் தனி நாற்காலியில். ஜன்னலுக்கு வெளியே நெசவாளர்கள் கூட்டம். மேஜை மேல் அந்தச் சேலையும் ரிஜிஸ்டரும். தலைவர் ரிஜிஸ்டரைப் பிரித்து, 'சோதித்தேன், சரி' என்பதைச் சத்தமாகப் படித்தார். பிறகு தறிக்காரரைக் கூப்பிட்டு, "நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார்.

அவர் கைகட்டி நின்றார்.

"நான்தாங்க மாத்தினேன். என் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. அவன் பேர இதுல எழுதாதீங்க. என்ன நீக்கிடுங்க."

ஜன்னல் பக்கம் ஒரு முணுமுணுப்பு. ரைஸ்மில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைவரின் தோள் தளர்ந்தது. இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. "எழுதுப்பா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நடவடிக்கை எழுதும் நோட்டு என் முன்னால்தான் இருந்தது. நான் எழுத வேண்டியது ஒரே ஒரு வரி. தம்பி திருடிவிட்டான் என்று நம்பிக்கொண்டு, அவனுக்காகத் தன் தலையில் கல்லைப் போட்டுக்கொண்டு நிற்கிறார் ஒருவர். அவரை அப்படி நம்ப வைத்தவன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பேனாவை மூடி வைத்தேன்.

எழுந்தேன். அலமாரியைத் திறந்து உரைகல்லையும் அமில பாட்டிலையும் தகர டப்பாவையும் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தேன். "இன்னாப்பா பண்ற?" என்றார் தலைவர். நான் அவரைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் உட்கார்ந்திருப்பேன். டப்பாவிலிருந்த மீதி ஜரிகை ஒவ்வொன்றையும் எடுத்து, அது எந்தத் தறி என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தேன். சொட்டு வைத்தேன். ஐந்து கோடு, ஐந்தும் பச்சை. கமிட்டி ஆட்கள் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள்.

"பெட்டியே போலி. இவர் மாத்தல. யாருமே மாத்தல. நான் அன்னிக்குத் தேய்க்கவே இல்ல. தேய்க்காம கையெழுத்துப் போட்டேன். இவர் என் வீட்டுக்கு வந்து கேட்டப்பவும் பாத்தேன்னு பொய் சொன்னேன்."

தலைவர் பதறவில்லை. அனுபவசாலி. கையை விரித்துக் கமிட்டியிடம், "பாத்தீங்களா, நம்மள எல்லாம் எப்படி ஏமாத்தி இருக்கான்" என்றார். நான் அவர் கற்பூரத் தட்டோடு அவசரப்படுத்தியதையும், பத்து நாளாக அவருக்கு இது தெரியும் என்பதையும் சொன்னேன். கேட்டவர்கள் சிலர் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை. என்னை அங்கேயே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அது சரிதான், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாற்பது சேலையையும் தேடித் திரும்ப வாங்கச் சங்கம் பட்ட பாடு பெரிது. ஏழெட்டு மாசம் பல தறிகள் அரைகுறையாகத்தான் ஓடின. தலைவர் சொன்னதும் நடக்கத்தான் செய்தது. அவர் தேர்தலிலும் ஜெயித்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல. கமிட்டி கலைந்ததும் வெளியே வந்தேன். தறிக்காரர் சங்கத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைச் சுற்றி நின்ற நெசவாளர்கள் என்னைப் பார்த்ததும் விலகினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அவர் என் கையைப் பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். வேலை போனவன் நான், உண்மையைச் சொன்னவன் நான் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. அவர் பிடிக்கவில்லை. திட்டவும் இல்லை.

"தம்பி எங்க?" என்று கேட்டேன். கூட்டத்தில் அவரைத் தேடியிருந்தேன், காணவில்லை.

"முந்தாநேத்து பொண்டாட்டி புள்ளைங்கள இட்டுக்கினு ஆரணி பக்கம் பூட்டான். அங்க யார் தறியிலயோ உக்காரப் போறானாம்."

"நான் இப்பவே ஆரணி பஸ் ஏர்றேன். நேர்ல பாத்துச் சொல்றேன். பெட்டியே போலி, உங்கமேல தப்பே இல்லன்னு சொல்லி நானே கூட்டிக்கினு வரேன்."

அவர் சைக்கிள் மணியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் திருடலன்னு அவனுக்குத் தெரியாதா சார்? அத நீங்க போய் சொல்லணுமா? நீங்க பாத்தேன்னு சொன்னீங்க, நான் நேரா ஊட்டுக்குப் போனேன். சாப்ட்டுக்கினு இருந்தான். ஜரிகைய இன்னாடா பண்ணேன்னு கேட்டேன். தட்டுல கையக் கழுவிட்டு எழுந்துட்டான். அதுக்குத்தான் சார் போனான். ஜரிகைக்குப் போவல. நான் கேட்டுட்டேனே, அதுக்குப் போனான்."